சிற்றலையில் கேட்கும் அந்த இரைச்சல் ஜாமிங்தானா? கண்டறியும் முறையும் கண்காணிக்கும் முறையும்

கேள்வி இதுதான்: சிற்றலையில் வெளிநாட்டு ஒலிபரப்பு ஒன்றைப் பிடித்தால், அதே இடத்தில் கரகரப்போ மேளச் சத்தமோ எஞ்சின் உறுமலோ சேர்ந்து வருகிறது. இது ஒலிபரப்பைக் கேட்கவிடாமல் வேண்டுமென்றே செய்யப்படும் ஜாமிங்கா, வேறு ஏதாவதா? முறையாகக் கண்காணிக்க என்ன தேவை? அதைச் செய்யும் டிரான்ஸ்மிட்டர், அதாவது ஜாமர், எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியுமா?

கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இந்தத் துறையில் தப்பாகப் போகும் அறிக்கைகளில் பெரும்பாலானவை ஒரே காரணத்தால்தான் தப்பாகின்றன. சத்தம் அசிங்கமாக இருந்தால் உடனே ஜாமிங் என்று எழுதிவிடுகிறார்கள். காதுக்கு அது சந்தேகம் மட்டுமே. ஜாமிங்கை நிரூபிப்பது அதன் நேர ஒழுங்கு. இலக்கு நிலையம் தொடங்கச் சில நிமிடங்கள் இருக்கும்போதே வந்துவிடும். நிலையம் முடித்த சற்று நேரத்தில் போய்விடும். நிலையம் 5 கிலோஹெர்ட்ஸ் தள்ளிப் போனால் இதுவும் பின்னாலேயே நகரும். இந்த மூன்றில் இரண்டையாவது வெவ்வேறு நாட்களில் பார்த்துவிட்டால் உங்கள் அறிக்கைக்கு எடை உண்டு. ஒரே ஒரு மாலை ஐந்து நிமிடம் கேட்டதற்கு எடை இல்லை.

முதலில் வீட்டைத் துடையுங்கள்

எல்.இ.டி. விளக்கு, செல்போன் சார்ஜர், மடிக்கணினி அடாப்டர், சோலார் இன்வெர்ட்டர், மின்கம்பி வழியாக இணையம் கடத்தும் அடாப்டர் இவையெல்லாம் சிற்றலையில் பலமான இரைச்சலைக் கொட்டும். அதைச் சோதிக்க, ரிசீவரைப் பேட்டரியில் ஓட்டி, வீட்டின் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுக் கேளுங்கள். இரைச்சல் போய்விட்டால் விஷயம் முடிந்தது. போகாவிட்டால் அக்கம்பக்கத்திலிருந்தும் வரலாம்.

அதைவிட நம்பகமான அடையாளம் ஒன்று உண்டு. அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி வரும் எந்த அலையும் ஏறி இறங்கும். உள்ளூர் இரைச்சல் அப்படி ஏறி இறங்காது. மணிக்கணக்கில் ஒரே மட்டத்தில் நிற்கும். இன்னொன்று: சார்ஜர் வகைக் குப்பை 60 அல்லது 100 கிலோஹெர்ட்ஸ் போல ஒரு சீரான இடைவெளியில் பேண்டு முழுக்கத் திரும்பத் திரும்பத் தென்படும், கருவி சூடாகச் சூடாக மெல்ல நகரும். ஜாமர் அப்படியில்லை. குறிப்பிட்ட ஒரு நிலையத்தின் மேல், ஏறத்தாழ அதன் அகலத்துக்கு மட்டும் உட்காரும்.

ரிசீவரே ஏமாற்றுவதும் உண்டு. 455 கிலோஹெர்ட்ஸ் இடைநிலை அதிர்வெண் (வரும் சிக்னலைப் பெட்டி உள்ளே மாற்றிக்கொள்ளும் அதிர்வெண்) கொண்ட பழைய ஒற்றை மாற்றப் பெட்டிகளில், பலமான நிலையம் ஒன்று அதன் உண்மையான இடத்துக்கு 910 கிலோஹெர்ட்ஸ் கீழேயும் கேட்கும். 9,800-இல் இருக்கும் ஜாமர் 8,890-இலும் தலைகாட்டும். கணினியில் செருகும் சிறு ரிசீவரான ஆர்.டி.எல். வகை டாங்கிளை நேரடி மாதிரியெடுப்பு முறையில் ஓட்டினால் 14,400 கிலோஹெர்ட்ஸ் ஒரு கண்ணாடி போல வேலை செய்யும். 15,400-இல் உள்ளது 13,400-இல் தெரியும். சந்தேகம் வந்தால், சிக்னலைக் குறைக்கும் அட்டென்யூவேட்டரை 10 டெசிபெல் போட்டுப் பாருங்கள். உண்மையான சிக்னல் 10 டெசிபெல்தான் இறங்கும். ஓவர்லோடால் உண்டான பொய்ச் சிக்னல் அதைவிட மிக அதிகமாக இறங்கும் அல்லது காணாமலே போகும். கண்ணாடிப் பிம்பம் மட்டும் இந்தச் சோதனையில் சிக்காது, அதுவும் 10-தான் இறங்கும். அதற்கு மேலே சொன்ன கணக்கைப் போட்டு, மூலம் இருக்க வேண்டிய இடத்தில் போய்ப் பார்க்க வேண்டும்.

ஜாமிங் போலவே கேட்கும் வேறு சில

டி.ஆர்.எம். என்ற டிஜிட்டல் ஒலிபரப்பு, சாதாரணப் பெட்டியில் வெறும் "ஸ்ஸ்ஸ்" என்று கேட்கும். அலைவரிசைகளை வரைபடமாக ஓடவிட்டுக் காட்டும் வாட்டர்ஃபால் திரையில் பார்த்தால் கத்தியால் வெட்டியது போல 10 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் தட்டையாக இருக்கும். கூர்ந்து பார்த்தால் உள்ளே 750, 2,250, 3,000 ஹெர்ட்ஸ் இடங்களில் மூன்று மெல்லிய கோடுகள் தெரியும். அந்தக் கோடுகள் தெரிந்தால் அது டி.ஆர்.எம்.; வெள்ளை இரைச்சல் ஜாமரில் அவை இருக்காது.

தொடுவானத்துக்கு அப்பால் பார்க்கும் ரேடார்கள் அடுத்த குழப்பம். ரஷ்யாவின் 'கொன்டெய்னர்' ரேடார் நொடிக்கு 50 முறை துடிக்கும், 12 கிலோஹெர்ட்ஸுக்குக் குறையாத அகலம் எடுத்துக்கொள்ளும். சைப்ரஸில் உள்ள பிரிட்டிஷ் ரேடார் 20 கிலோஹெர்ட்ஸ் வரை பரவும். கடல் நீரோட்டத்தை அளக்கும் ரேடார்கள் 4 முதல் 5 மெகாஹெர்ட்ஸ் வட்டாரத்தில் ரம்பம் அறுப்பது போல ஓடும். இவை ஒலிபரப்பு நிலையத்தின் நேரத்தையோ 5 கிலோஹெர்ட்ஸ் கட்டத்தையோ மதிப்பதில்லை. திடீரென வரும், வேறு இடத்துக்குத் தாவும். 1976 முதல் 1989 வரை உலகெங்கும் நேயர்களை அலறவைத்த 'மரங்கொத்தி' சோவியத் ரேடார்தான். நொடிக்கு 10 தட்டு. அதை ஜாமர் என்றே நம்பியவர்கள் அன்று ஏராளம்.

தற்செயல் மோதல்களும் உண்டு. சர்வதேச ஒலிபரப்பாளர்கள் ஆண்டுக்கு இருமுறை அட்டவணையை மாற்றுகிறார்கள். 'ஏ' பருவம் மார்ச் கடைசி ஞாயிறிலும் 'பி' பருவம் அக்டோபர் கடைசி ஞாயிறிலும் தொடங்கும். எச்.எஃப்.சி.சி. என்ற ஒருங்கிணைப்பு அமைப்பு இதற்கான பட்டியலை வெளியிடுகிறது. பருவம் மாறிய முதல் வாரத்தில் இரண்டு நிலையங்கள் ஒரே இடத்தில் மோதுவது சகஜம். அந்த வாரத்தில் கேட்டதை வைத்து யாரையும் குற்றம் சொல்லாதீர்கள். எச்.எஃப்.சி.சி. பட்டியல், ஐபி (EiBi) பட்டியல், ஆயோக்கி (Aoki) பட்டியல் மூன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். முதலாவதில் இருப்பது நிலையங்கள் பதிந்துவைத்த திட்டம். மற்ற இரண்டும் நேயர்கள் காதால் கேட்டுத் திருத்துபவை. பட்டியலின் தேதியையும் பாருங்கள். 2025 மார்ச்சில் வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவின் ஒலிபரப்புகள் ஒரே நாளில் நின்றபோது, அதுவரை சரியாக இருந்த பட்டியல்கள் எல்லாம் பழசாகிவிட்டன. இல்லாத நிலையத்தை "முழுவதுமாக ஜாம் செய்துவிட்டார்கள்" என்று எழுதும் ஆபத்து இப்படித்தான் வருகிறது.

ஜாமர்களின் குரல்கள்

இவற்றைத் தாண்டிய பிறகு வகை பார்க்கலாம்.

சீனா நீண்டகாலம் பயன்படுத்தியதற்குக் கண்காணிப்பாளர்கள் வைத்த பெயர் 'ஃபயர்டிரேக்'. பேச்சே இல்லாமல் மேளம், தாளம், குழல் என ஓடும் மரபிசைப் பதிவு, ஒரு மணி நேரச் சுற்று. சவுண்ட் ஆஃப் ஹோப், ரேடியோ ஃப்ரீ ஏஷியா போன்றவற்றின் மேல் இதை ஏற்றினார்கள். மணி முடியும் தறுவாயில் சில நிமிடம் நிறுத்தி, இலக்கு இன்னும் அங்கே இருக்கிறதா என்று பார்ப்பது இதன் வழக்கம். பின்னாளில் இதற்குப் பதிலாகச் சீன தேசிய வானொலியின் முதல் சேவையையே அதே அலைவரிசையில் ஒலிபரப்பும் முறை பெருகியது. இது தந்திரமானது. கேட்பவருக்கு "இங்கே இன்னொரு நிலையம் வருகிறது" என்றுதான் தோன்றும். கவனிக்க வேண்டியது எதிரொலி. ஒரே இலக்கின் மேல் பல டிரான்ஸ்மிட்டர்கள் வேலை செய்யும்போது, ஒவ்வொன்றுக்கும் நிகழ்ச்சி போய்ச்சேரும் தாமதம் வேறு வேறு என்பதால் பேச்சு இரட்டிப்பாக, குகைக்குள் பேசுவது போல வரும். அதே சேவையின் முறையான அலைவரிசை ஒன்றை இன்னொரு ரிசீவரில் வைத்து ஒரே நிகழ்ச்சிதானா என்று பாருங்கள். அந்தச் சேவைக்குச் சொந்தமான அலைவரிசைகளும் நிறைய உண்டு. பட்டியலில் சரிபார்க்காமல், கேட்ட இடமெல்லாம் ஜாமிங் என்று எழுதக் கூடாது.

கியூபா வேறு பாணி. கியூபாவை நோக்கி அமெரிக்க அரசு நடத்தும் ரேடியோ மார்த்தி 1985 மே 20 அன்று தொடங்கிய காலத்திலிருந்தே அதன் மேல் ஜாமிங் நடந்துவருகிறது. சிற்றலையில் அது தண்ணீர் கொப்பளிப்பது போலக் கேட்கும். அதனால் 'குமிழி ஜாமிங்' என்பார்கள். 6,030, 11,930 போன்ற இடங்களில் பல ஆண்டுகள் கேட்டது இது. ஈரானும் அமெரிக்க நிதியில் பாரசீகத்தில் வந்த ரேடியோ ஃபர்தாவின் மேல் இதே ரகத்தைப் போட்டது. வடகொரியா போடுவது கரடுமுரடான எஞ்சின் உறுமல். ஜப்பானிலிருந்து வடகொரியாவை நோக்கி 2005 அக்டோபர் முதல் வரும் ஷியோகாஸே என்ற ஒலிபரப்பு அடிக்கடி அலைவரிசை மாற்றுவதே இந்த உறுமலிலிருந்து தப்பிக்கத்தான். எத்தியோப்பியா எரித்ரிய வானொலியின் மேல் ஏற்றியது வெள்ளை இரைச்சல். இலக்கே அமெச்சூர் வானொலிக்கான 7,000–7,200 கிலோஹெர்ட்ஸ் எல்லைக்குள் இருந்ததால் அமெச்சூர்களும் சேர்ந்து பாதிக்கப்பட்டார்கள்.

இந்த எல்லா வித்தைகளுக்கும் தாய், சோவியத் யூனியன் நடத்திய ஜாமிங்தான். 1948-இல் வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவின் ரஷ்ய சேவையில் தொடங்கியது. 1963-இல் தளர்ந்து, 1968 ஆகஸ்டில் செக்கோஸ்லோவாக்கியா படையெடுப்போடு திரும்பி, 1973-இல் மறுபடி தளர்ந்து, போலந்து தொழிலாளர் போராட்டம் வெடித்த 1980 ஆகஸ்டில் மீண்டும் வந்தது. பி.பி.சி. மீதான ஜாமிங் 1987 ஜனவரியிலும் ரேடியோ லிபர்ட்டி மீதானது 1988 நவம்பர் கடைசியிலும் நின்றன. அங்கே இரண்டு அடுக்கு இருந்தது. பெரு நகரங்களில் தரை அலையால் நகரை மட்டும் மூடும் சிறு ஜாமர்கள்; ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தொலைவிலிருந்து வான் அலையில், அதாவது அயனி மண்டலத்தில் பட்டு வரும் பெரிய ஜாமர்கள். அதனால்தான் நகரைவிட்டு வெளியே போனவர்களுக்கு ஒலிபரப்பு கேட்டது. இன்னொரு ஓட்டையும் இருந்தது. கிழக்கே இருந்த வான் அலை ஜாமர்களின் பாதையில் சூரியன் மறைந்து, உயர் அலைவரிசைகள் பிரதிபலிக்காமல் போன பிறகும், மேற்கிலிருந்து வரும் நிலையத்தின் பாதையில் வெயில் இருக்கும். அந்தி நேரத்தில் கிடைக்கும் அந்த ஒன்றிரண்டு மணி நேரத்தை ஒலிபரப்பாளர்கள் திட்டமிட்டுப் பயன்படுத்தினார்கள். இயற்பியல் மாறவில்லை, இன்றும் ஜாமிங் அந்தியில் மெலிவதைக் கேட்டால் இந்தக் காரணத்தை முதலில் எண்ணுங்கள்.

இதிலிருந்து வரும் முக்கியமான எச்சரிக்கை: ஜாமர், இலக்கு மக்கள் வசிக்கும் இடத்தை நோக்கி வைக்கப்படுவது. நீங்கள் அதற்கு வெளியே இருந்தால் நிலையம் தெளிவாகக் கேட்கலாம், ஜாமர் துளியும் கேட்காமல் போகலாம். நேர்மாறாகவும் நடக்கும். "இங்கே நன்றாக வருகிறது, ஜாமிங் இல்லை" என்ற வாக்கியத்தில் "இங்கே" என்பது மட்டுமே உண்மை.

கேரியரை அளப்பது

இதைக் கற்றுக்கொண்டால் உங்கள் பதிவுகளின் தரமே மாறிவிடும். ஏ.எம். நிலையம் ஒவ்வொன்றுக்கும் நடுவில், பேச்சைச் சுமக்கும் அடிப்படை அலையான ஒரு கேரியர் உண்டு. சிற்றலை ஒலிபரப்புக்கு சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் அனுமதிக்கும் பிசகு 10 ஹெர்ட்ஸ். ஜி.பி.எஸ். கடிகாரத்தோடு பூட்டிய புது டிரான்ஸ்மிட்டர்கள் ஒரு ஹெர்ட்ஸ்கூட நகராது. பழசுகள் சில பத்து ஹெர்ட்ஸ் தள்ளி நிற்கும். ஆகவே இலக்கும் ஜாமரும் ஒரே அலைவரிசையில் இருப்பதாகப் பெட்டி காட்டினாலும், போதுமான அளவு பெரிதாக்கிப் பார்த்தால் இரண்டு தனித்தனிக் கோடுகள் தெரியும்.

செய்முறை: எஸ்.டி.ஆர். (கணினி மென்பொருளால் இயங்கும் ரிசீவர்) மென்பொருளில் அலைவரிசையின் நடுப்பகுதியை, இரு பக்கமும் 50 ஹெர்ட்ஸ் மட்டும் தெரியும்படி விரியுங்கள். எவ்வளவு நுணுக்கமாகப் பார்க்க முடியும் என்பது எவ்வளவு நேரம் சேர்த்துப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. 10 விநாடி சேர்த்தால் 0.1 ஹெர்ட்ஸ் வரை பிரிக்கலாம். அதற்கு முன் ரிசீவரின் பிசகைத் திருத்திக்கொள்ள வேண்டும். அமெரிக்காவின் டபிள்யூ.டபிள்யூ.வி., சீனாவின் பி.பி.எம். ஆகிய நேர நிலையங்கள் 5, 10, 15 மெகாஹெர்ட்ஸில் வரும். மாஸ்கோவின் ஆர்.டபிள்யூ.எம். 4,996, 9,996, 14,996 கிலோஹெர்ட்ஸில் வரும். கண்காணிக்கும் பேண்டுக்கு அருகில் உள்ளதை எடுத்துக்கொள்ளுங்கள். கருவி அரை மணி நேரம் சூடான பிறகே திருத்துங்கள்.

பிறகு திரையைப் பார்த்துக்கொண்டே இருங்கள். உதாரணமாக நடுவில் ஒரு கோடும் 12 ஹெர்ட்ஸ் மேலே இன்னொன்றும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நிலையம் நிகழ்ச்சியை முடித்துக் கேரியரை இழுத்துவிடும் கணத்தில் நடுக்கோடு மறைகிறது. மேல்கோடு இன்னும் ஒன்றரை நிமிடம் ஓடி நிற்கிறது. அந்த மேல்கோடுதான் ஜாமர். மறுநாள் வேறு அலைவரிசையில், வேறு இலக்கின் மேல் அதே 12 ஹெர்ட்ஸ் கோடு தெரிந்தால் அதே டிரான்ஸ்மிட்டராக இருக்க வாய்ப்பு அதிகம் (உயர் அலைவரிசைக்குப் போனால் பிசகும் அதே விகிதத்தில் கூடலாம் என்பதை மறக்க வேண்டாம்). மூன்றாவது கோடு தெரிந்தால் இரண்டாவது ஜாமர். விடியலிலும் அந்தியிலும் அயனி மண்டலம் நகர்வதால் எல்லாக் கோடுகளும் ஒரு ஹெர்ட்ஸ் வரை வளையும்; அதைப் பிசகு என்று குறிக்காதீர்கள். எஸ்.டி.ஆர். இல்லாவிட்டாலும் ஒரு துப்பு உண்டு: இரண்டு கேரியர்கள் அருகருகே இருந்தால் சிக்னல் மீட்டரின் முள் அந்த வித்தியாசத்தின் வேகத்தில் துடிக்கும், ஒலியில் "வவ்வவ்வ" என்ற அசைவு கேட்கும்.

ஏரியலும் பெட்டியும்

தொடங்குவதற்கு டெக்சன் பி.எல்.-330 போன்ற, ஒற்றைப் பக்கப்பட்டை வசதியுள்ள கையடக்கப் பெட்டி போதும். கேரியர் அளக்க ஏர்ஸ்பை எச்.எஃப். பிளஸ், எஸ்.டி.ஆர்.பிளே போன்றவை வேண்டும். ஆனால் பணத்தை ரிசீவரில் கொட்டுவதற்கு முன் ஏரியல் கம்பியின் சத்தத்தைக் குறையுங்கள். 10 மீட்டர் கம்பியை வீட்டுச் சுவரிலிருந்து தள்ளிக் கட்டி, அடியில் 9:1 டிரான்ஸ்பார்மர் வைத்து, கோஆக்சியல் கேபிளில் உள்ளே கொண்டுவாருங்கள். அந்தக் கேபிளை 31 ரக ஃபெரைட் வளையத்தில் 10 முதல் 12 சுற்று சுற்றிவிடுங்கள். வீட்டின் இரைச்சல் கேபிளின் வெளி உறை வழியாகத்தான் ஏரியலுக்குப் போகிறது. இந்தச் சுற்று அதைத் தடுக்கும். இடம் இல்லாதவர்கள் ஒரு மீட்டர் குறுக்களவுள்ள ஆக்டிவ் லூப் வைக்கலாம். லூப்பைத் திருப்பி அக்கம்பக்கத்து இரைச்சலை நன்றாக வெட்டலாம். ஜாமரை அப்படி வெட்ட முடியும் என்று எதிர்பார்க்காதீர்கள். வான் அலை மேலிருந்து, நொடிக்கு நொடி முனைவாக்கம் (அலை அதிரும் திசை) மாறி வருவதால், லூப் ஒரு திசையை வெட்டும் பள்ளம் நிலைக்காது.

ஜாமிங்கினூடே கேட்க: ஏ.எம். முறையில் இரண்டு பக்கப்பட்டைகளிலும் ஒரே பேச்சுத்தான் போகிறது. ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டாலும் முழுப் பேச்சும் கிடைக்கும். பெட்டியை யு.எஸ்.பி. (மேல் பக்கப்பட்டை) அல்லது எல்.எஸ்.பி. (கீழ் பக்கப்பட்டை) முறைக்கு மாற்றி, கேரியரின் விசில் மறையும் வரை நுணுக்கமாகத் திருகி, ஃபில்டரை 2.4 முதல் 3 கிலோஹெர்ட்ஸுக்கு வையுங்கள். ஜாமர் சற்றே மேலே தள்ளியிருந்தால் எல்.எஸ்.பி., கீழே இருந்தால் யு.எஸ்.பி. கேரியரோடு தானாகப் பூட்டிக்கொள்ளும் சிங்க்ரனஸ் டிடெக்டர் உள்ளவர்கள் அதைத்தான் முதலில் அழுத்துவார்கள். ஜாமிங் உள்ள இடத்தில் அது பலமான கேரியரோடு, அதாவது ஜாமரோடு பூட்டிக்கொண்டு தள்ளாடும். கையால் திருகும் முறையே மேல். இரைச்சல் குறைப்பு வசதியை அணைத்துவிடுங்கள். அது இரைச்சலோடு மெய்யெழுத்து ஒலிகளையும் சேர்த்து விழுங்கிவிடும். ஜாமர் நேர் மேலே, நிலையத்தைவிடப் பலமாக உட்கார்ந்திருந்தால் எந்தக் குமிழும் உதவாது. அப்போது வேறு அலைவரிசையைத் தேடுவதே வழி.

குறிப்பேடு

நேரத்தை எப்போதும் யு.டி.சி. என்ற சர்வதேசப் பொது நேரத்தில் எழுதுங்கள். இணைய ரிசீவரில் ஒலி ஒன்றிரண்டு விநாடி பிந்தி வரும் என்பதையும் குறியுங்கள். ஒரு வரியில் இருக்க வேண்டியவை: தேதி, அலைவரிசை, இலக்கு நிலையமும் மொழியும், ஜாமரின் வகை, ஜாமர் தொடங்கிய நேரம், இலக்கு தொடங்கிய நேரம், இலக்கு முடிந்த நேரம், ஜாமர் முடிந்த நேரம், கேரியர் தள்ளி நிற்கும் அளவு, கேட்ட இடம், ஏரியல், சின்போ (கேட்கும் தரத்தை ஐந்து எண்களால் குறிக்கும் முறை). நான்கு நேரங்களையும் குறிக்காத பதிவு பாதிப் பதிவுதான்.

சின்போவில் அடிக்கடி நடக்கும் தவறு முதல் எண்ணில். அது இலக்கு நிலையத்தின் பலம். மீட்டர் காட்டுவதோ இலக்கும் ஜாமரும் சேர்ந்த பலம். ஜாமரின் புண்ணியத்தில் முள் எகிறி நிற்க, நேயர் 5 போட்டுவிடுகிறார். ஜாமர் இடைவெளி விடும் நேரத்தில் அளந்து எழுதுங்கள், இல்லாவிட்டால் வாட்டர்ஃபாலில் இலக்கின் கேரியர் உயரத்தைப் பாருங்கள். இரண்டாம் எண்ணான குறுக்கீட்டில் 1 போட்டால், கடைசி எண்ணான ஒட்டுமொத்தத் தரத்தில் 3 போடுவதில் பொருளில்லை.

ஒலிப்பதிவைவிட, ரிசீவருக்கு வரும் சிக்னலையே அப்படியே சேமிக்கும் ஐ.கியூ. பதிவு பல மடங்கு பயனுள்ளது. பின்னர் எந்த ஃபில்டரும் போட்டுத் திரும்ப ஆராயலாம். 12 கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்கு 16 பிட்டில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2.9 மெகாபைட், மணிக்கு 173 மெகாபைட். 31 மீட்டர் பேண்டு முழுவதையும் (9,400–9,900) நொடிக்கு 768 ஆயிரம் மாதிரிகளில் எடுத்தால் மணிக்கு 11 கிகாபைட் ஆகும். எனவே முழு பேண்டுப் பதிவை, நிலையங்கள் மாறும் மணி முனையின் இருபுறமும் ஐந்தைந்து நிமிடங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தடயங்கள் எல்லாம் அந்தப் பத்து நிமிடத்தில்தான் இருக்கும்.

ஜாமர் எங்கே?

இன்று தனிநபர் கையில் இருக்கும் சிறந்த கருவி கிவி எஸ்.டி.ஆர். வலையமைப்பு. உலகெங்கும் தன்னார்வலர்கள் இணையத்தில் திறந்துவைத்திருக்கும் ரிசீவர்கள் அவை. 10 கிலோஹெர்ட்ஸிலிருந்து 30 மெகாஹெர்ட்ஸ் வரை எடுக்கும். அவற்றில் ஜி.பி.எஸ். கடிகாரம் இருப்பதால், ஒரே சிக்னல் வெவ்வேறு இடங்களுக்கு வந்துசேரும் நேர வித்தியாசத்தைக் கணக்கிட்டு வரைபடத்தில் இடம் காட்டும் டி.டி.ஓ.ஏ. வசதி உண்டு. ஒரு மில்லி விநாடி வித்தியாசம் என்றால் 300 கிலோமீட்டர் பாதை வித்தியாசம்.

மூன்று முதல் ஆறு ரிசீவர்கள் போதும். எண்ணிக்கையைவிட அமைப்பு முக்கியம்: சந்தேகிக்கும் பகுதியைச் சுற்றி வெவ்வேறு திசைகளில் இருக்க வேண்டும். எல்லாம் ஒரே பக்கம் இருந்தால் கோடுகள் இணையாக ஓடி, நீண்ட பட்டையாகத்தான் விடை வரும். ஒவ்வொன்றிலும் முதலில் காதால் கேட்டு, சிக்னல் உண்மையிலேயே பலமாக வருகிறதா என்று பாருங்கள். ஒரு மோசமான ரிசீவர் முழுக் கணக்கையும் கெடுக்கும். 30 விநாடி மாதிரி எடுங்கள். இரைச்சல், பேச்சு, இசை நன்றாக வேலை செய்யும். மாறாத ஒற்றைச் சுருதி வேலை செய்யாது, ஏனென்றால் அதன் எல்லாச் சுற்றும் ஒன்றுபோல இருப்பதால் எந்தச் சுற்று எதோடு பொருந்துகிறது என்று கணினிக்குத் தெரியாது.

ஜாமிங்கில் உள்ள தனிச் சிக்கல், இலக்கும் ஜாமரும் ஒரே இடத்தில் இருப்பது. அப்படியே கொடுத்தால் இரண்டுக்கும் நடுவே எங்கோ கடலில் புள்ளி விழும். இதற்கு இரண்டு வழிகள். இலக்கு நின்று ஜாமர் மட்டும் ஓடும் அந்த ஒன்றிரண்டு நிமிடத்தில் மாதிரி எடுப்பது முதல் வழி. ரிசீவர்களை முன்கூட்டியே தேர்ந்து வைத்திருந்தால்தான் நேரத்துக்கு அழுத்த முடியும். ஜாமர் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் அகலமாகச் சிதறினால், இலக்கின் பேச்சு எட்டாத ஓரப் பகுதியை மட்டும் ஃபில்டரில் வைத்து எடுப்பது இரண்டாவது. ஒரே நிகழ்ச்சியைப் பல டிரான்ஸ்மிட்டர்கள் ஒலிபரப்பும் எதிரொலி வகையில் இரண்டுமே தடுமாறும். ஒரு ரிசீவர் ஒரு டிரான்ஸ்மிட்டரையும் இன்னொன்று மற்றதையும் பிடித்துக்கொள்ளும். மூன்று மூன்றாகச் சேர்த்துப் பல முறை ஓட்டி, திரும்பத் திரும்ப விழும் இடத்தை மட்டும் நம்புங்கள்.

துல்லியத்துக்கும் எல்லை உண்டு. தரையில் 1,000 கிலோமீட்டர் தொலைவுள்ள ரிசீவருக்கு, 300 கிலோமீட்டர் உயரத்தில் பட்டுத் திரும்பும் அலை நடப்பது சுமார் 1,166 கிலோமீட்டர். 3,000 கிலோமீட்டர் தொலைவுக்கு சுமார் 3,060. பூமியின் வளைவைச் சேர்க்காத எளிய கணக்கே இது. ஆனாலும் முதலாவதில் 166-உம் இரண்டாவதில் 60-உம் கூடுவதைப் பாருங்கள். இந்த வித்தியாசம் அப்படியே இடப் பிழையாக மாறும். அதனால் ஜாமரைத் தேடும் முன், அதே வட்டாரத்தில், அதே பேண்டில், இருப்பிடம் தெரிந்த ஒரு முறையான நிலையத்தை அதே ரிசீவர்களால் தேடிப் பாருங்கள். அது எவ்வளவு தள்ளி விழுகிறதோ அதுவே உங்கள் பிழை அளவு. அறிக்கையில் அதையும் சேர்த்து எழுதுங்கள். "இந்த ஊரின் இந்தக் கட்டடம்" என்று எழுத இந்த முறையில் இடமே இல்லை. "இந்த மாகாணத்தின் இந்தப் பகுதி" என்பதே அதிகபட்சம்.

யாருக்கு அனுப்புவது, எதை வெளியிடக் கூடாது

ஒரு நாட்டு மக்களுக்கு வரும் ஒலிபரப்பை வேண்டுமென்றே அழிப்பதை ஐ.நா. பொதுச்சபை 1950 டிசம்பர் 14 அன்றே 424-ஆம் தீர்மானத்தில் கண்டித்திருக்கிறது. அடையாளம் சொல்லாத, தேவையற்ற சிக்னல்களைத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் வானொலி விதி 15.1 தடை செய்கிறது. நடைமுறையில் ஜாம் செய்யும் அரசு ஒப்புக்கொள்வதில்லை; புகாரை நாடுகள்தான் கொடுக்க முடியும், தனிநபர் கொடுக்க முடியாது. நீங்கள் அனுப்ப வேண்டியது இலக்கு நிலையத்தின் தொழில்நுட்பப் பிரிவுக்கு. அமெச்சூர் பேண்டுக்குள் நுழைந்த ஜாமர் என்றால் உங்கள் நாட்டு அமெச்சூர் சங்கத்தின் வழியாக, ஐ.ஏ.ஆர்.யூ. என்ற சர்வதேச அமெச்சூர் வானொலி ஒன்றியத்தின் கண்காணிப்பு அமைப்புக்கு.

இலக்கு, ஜாமருக்குத் தப்பி அலைவரிசை மாற்றி ஓடும் குறைந்த சக்தி நிலையமாக இருந்தால், அது புதிதாகத் தாவிய இடத்தை அந்த நேரத்திலேயே பொதுவெளியில் எழுதாதீர்கள். உங்களைப் போலவே ஜாமரை இயக்குபவரும் அதைப் படிக்கிறார். நிலையத்துக்குத் தனியாக உடனே அனுப்புங்கள், பொதுப் பதிவைச் சில நாட்கள் கழித்து இடுங்கள். இலக்கு நாட்டுக்குள் இருக்கும் நேயர் ஒருவர் உங்களுக்குத் தகவல் தந்தால், அவருடைய ஊர், ஏரியல் வகை, குரல் பதிவு எதுவும் வெளியே போகக் கூடாது. சில நாடுகளில் கேட்பதே தண்டனைக்குரியது. அவர் தந்த தகவலை "இலக்குப் பகுதிக்குள் ஒரு நேயர்" என்று மட்டும் எழுதி, பக்கத்திலேயே உங்கள் சொந்த அளவீட்டையும் அதே நேரத்தின் ஐ.கியூ. பதிவையும் வைத்தால் நிலையத்துக்குத் தேவையான அத்தனையும் கிடைத்துவிடும்.